பெரிய தோட்டா என்னும் பொய்த் தெம்பு

“சின்னத் தோட்டா காயப்படுத்தும், பெரிய தோட்டாதான் ஆளைச் சாய்க்கும்.” செமி-ஆட்டோமேட்டிக் ரைஃபிளைப் பற்றிப் பேச்செடுத்தாலே இது வந்து விழுந்துவிடுகிறது. அமெரிக்கத் துப்பாக்கிக் கடையில் விற்பவரும் சொல்கிறார், வாங்குபவரும் சொல்கிறார். இந்தியத் தொலைக்காட்சி விவாதங்களில் ஓய்வுபெற்ற அதிகாரிகள் சொல்கிறார்கள். கிரீன் கார்டு கிடைத்து, டெக்சஸிலோ ஜார்ஜியாவிலோ முதல் ரைஃபிள் வாங்கக் கிளம்பும் தமிழருக்கு நண்பர்கள் தரும் முதல் யோசனையும் இதுதான்: “5.56 எல்லாம் முயல் அடிக்கத்தான் சார். வாங்கறதா இருந்தா 7.62 வாங்குங்க.”

இந்த நம்பிக்கை தவறு. ரைஃபிள் வாங்குகிறவர் கடைசியில் கேட்கவேண்டிய கேள்வியை இது முதலில் கேட்க வைக்கிறது. அதற்கு முன் கேட்டே ஆகவேண்டிய கேள்விகளை மறக்கடிக்கிறது.

மறுப்பதற்கு முன் எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு வைத்துவிடுவோம். ஏஆர்-15 ரைஃபிளின் 5.56 தோட்டாவில் இருந்து பாயும் குண்டு ஏறத்தாழ மூன்றரை கிராம்; 7.62×51 தோட்டாவின் குண்டு ஒன்பதரை கிராம். முன்னதன் ஆற்றல் சுமார் 1,700 ஜூல். பின்னதன் ஆற்றல் 3,400 ஜூல். தொலைவு கூடக் கூட இடைவெளி இன்னும் விரிகிறது. கனமான குண்டு காற்றில் குறைவாக விலகுகிறது, மரத்தையும் தகரத்தையும் துளைக்கிறது. அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில் மான் வேட்டைக்கு .22 வகைக் குண்டுகளே கூடாது. இந்திய ராணுவம் 5.56 இன்சாஸ் ரைஃபிளைப் படிப்படியாக விட்டு 7.62க்குத் திரும்புகிறது. அமெரிக்க ராணுவமும் 2022இல் 6.8 மி.மீ. ரைஃபிளைத் தேர்ந்தெடுத்தது. இத்தனை பேரும் முட்டாள்களா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. அந்த எண் எதை அளக்கிறது?

குண்டின் குறுக்களவை, அதாவது காலிபரை, அதுவும் தோராயமாக. குண்டின் வேகம், எடை, அதன் பின்னால் இருக்கும் வெடிமருந்தின் அளவு, இவற்றில் ஒன்றைக்கூட அந்த எண் சொல்வதில்லை. பயிற்சிக் கிளப்புகளில் பிள்ளைகள் சுட்டுப் பழகும் .22 எல்ஆர் தோட்டாவின் குண்டு .223 அங்குலம். ஏஆர்-15 சுடும் .223 ரெமிங்டன் தோட்டாவின் குண்டு .224 அங்குலம். மயிரிழை வித்தியாசம். ஆனால் முன்னது குழலை விட்டு வெளிவரும்போது அதன் ஆற்றல் 180 ஜூல் அளவுதான். பின்னது அதைப் போல ஒன்பது மடங்குக்கு மேல். காலிபர்தான் பலம் என்றால் இந்த இரண்டும் சமமாக இருந்திருக்க வேண்டும்.

நான்கு தோட்டாக்களை மேஜைமேல் நிறுத்திப் பாருங்கள். .22 எல்ஆர் 25 மி.மீ. உயரம், விரலின் இரண்டாம் கணுவை எட்டாது. 5.56 தோட்டா 57 மி.மீ. ஏகே ரைஃபிளின் 7.62×39 தோட்டா 56 மி.மீ. இவை இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரம், ஆனால் ஏகே தோட்டாவின் கூடு அடியில் பருத்து மேலே போகப் போக ஒடுங்குகிறது. அந்தச் சரிவுதான் ஏகேவின் மேகசினை வளைய வைக்கிறது. கடைசியில் நிற்கும் 7.62×51 மற்றவற்றைவிட ஒரு தலை உயரம், 71 மி.மீ. பெயரில் மூன்றாவதும் நான்காவதும் 7.62தான். ஆற்றலிலோ முன்னது 2,000 ஜூல், பின்னது 3,400 ஜூல். அடுத்த முறை யாராவது “7.62 வாங்கு” என்றால், எந்த 7.62 என்று திருப்பிக் கேளுங்கள். பாதிப் பேர் அங்கேயே தடுமாறுவார்கள்.

இந்தியாவில் நடக்கும் வாதத்தில் இந்தக் குழப்பம் உச்சத்தில் இருக்கிறது. 2019இல் வாங்க ஒப்பந்தமான சிக் 716 ரைஃபிள்கள் 7.62×51 சுடுபவை. அமேதி அருகே கோர்வாவில் தயாராகும் ஏகே-203 ரைஃபிள் 7.62×39 சுடுவது. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையின் ‘திருச்சி அசால்ட் ரைஃபிள்’ சுடுவதும் 7.62×39தான். முதலாவதன் தோட்டா மற்ற இரண்டில் நுழையாது. அதன் வேலையும் மற்றவற்றின் வேலையும் வேறு. ஆனால் விவாத மேடையில் எல்லாமே “7.62க்குத் திரும்பிவிட்டோம்” என்ற ஒரே வரிக்குள் அடைபட்டுவிடுகின்றன.

எண்ணைக் கவனமாகப் படிக்கவேண்டிய இடம் வேறு. .300 பிளாக்அவுட் என்றொரு தோட்டா இருக்கிறது. ஏஆர்-15இன் அதே மேகசினில் அதே முப்பது தோட்டாக்களாக நிரம்பும். அதே போல்ட்டில் பொருந்தும். அதைத் தவறுதலாக .223 ரைஃபிளில் போட்டு விசையை இழுத்தால், ஏறக்குறைய எட்டு மி.மீ. குண்டு ஆறு மி.மீ.கூட இல்லாத குழலுக்குள் புக முயன்று, துப்பாக்கி கையிலேயே வெடித்துச் சிதறும். குழலின்மேல் பொறித்திருக்கும் எண் பலத்தைப் பறைசாற்றுவதற்காகப் பொறித்தது அல்ல. எந்தத் தோட்டாவைப் போடலாம் என்று சொல்லும் எச்சரிக்கை அது.

2. “காயப்படுத்தவே செய்தது” என்பதற்கு ஆதாரம் எங்கே?

ஒருவனைக் காயப்படுத்தினால் அவனைத் தூக்க இரண்டு பேர் போவார்கள், ஆக மூன்று பேர் களத்தை விட்டு விலகுவார்கள், அதற்காகவே அமெரிக்கர்கள் 5.56ஐ வடிவமைத்தார்கள் என்று ஒரு கதை. இதைச் சொல்லாத ராணுவ ஆர்வலர் கிடையாது.

5.56 பிறந்த கதை எழுத்தில் இருக்கிறது. 1952இல் அமெரிக்க ராணுவத்துக்காக இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. டொனால்ட் ஹால் சிறு குறுக்களவுள்ள அதிவேகத் தோட்டாக்களைப் பெரிய தோட்டாக்களோடு ஒப்பிட்டார். நார்மன் ஹிட்ச்மன் காலாட்படையின் ரைஃபிள் குண்டுகள் உண்மையில் எந்தத் தொலைவில் இலக்கில் படுகின்றன என்று பார்த்தார்; பெரும்பாலும் 300 கஜத்துக்குள்தான் என்று கண்டார். ஒரு கிலோமீட்டர் பாயும் தோட்டாவைச் சுமக்கும் சிப்பாய், அதன் பலத்தில் பெரும்பகுதியைப் பயன்படுத்தாமலே திரும்புகிறான். அதே எடைக்குச் சிறிய தோட்டாக்களை இரண்டு மடங்கு எடுத்துப் போனால் இலக்கில் படும் வாய்ப்பு கூடும். 1957இல் ராணுவம் புதிய ரைஃபிளுக்கு வைத்த நிபந்தனைகள்: எடை ஆறு பவுண்டு, 500 கஜத்தில் இரும்புத் தொப்பியைத் துளைக்க வேண்டும், பழைய .30 கார்பைன் ஏற்படுத்தும் சேதத்துக்குக் குறையக்கூடாது. கொல்லாமல் காயப்படுத்து என்ற நிபந்தனை அதில் இல்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். ஏகேவை உலகுக்குத் தந்த சோவியத் ராணுவமே 1974இல் 7.62×39ஐ விட்டு 5.45 மி.மீ.க்குப் போனது. நேட்டோ 1980இல் 5.56ஐப் பொதுத் தோட்டாவாக ஏற்றது. சீனா 1987இல் 5.8 மி.மீ.யைக் கொண்டுவந்தது. ஒருவரையொருவர் நம்பாத மூன்று தரப்புகள், தனித்தனியாகக் கணக்குப் போட்டு, ஒரே திசையில் இறங்கின. மூவரும் எதிரிக்கு இரக்கம் காட்டத்தான் இறங்கினார்களா?

3. எதோடு ஒப்பிட்டுப் “பெரியது” என்கிறீர்கள்?

நம் ஊர்க் காவல் நிலையங்களில் ஆண்டுக்கணக்கில் இருந்த .303 ரைஃபிளை “அந்தக் காலத்து அடி” என்று இன்று புகழ்கிறோம். அது வந்த காலத்தில் அதன்மேல் சுமத்திய குற்றம் என்ன தெரியுமா? ரொம்பச் சின்னது என்பதுதான். அதற்கு முன் பிரிட்டிஷ் படைகள் வைத்திருந்த மார்ட்டினி-ஹென்றியின் குண்டு பதினோரு மி.மீ.க்கு மேல். 1895 சித்ரால் படையெடுப்பில், .303 குண்டு பட்டும் பழங்குடிப் போராளிகள் நிற்காமல் ஓடிவருகிறார்கள் என்று அதிகாரிகள் புலம்பினார்கள். இன்று 5.56ஐப் பற்றிச் சொல்வதை வார்த்தை மாறாமல் அன்று .303ஐப் பற்றிச் சொன்னார்கள்.

அந்தப் புலம்பலுக்குக் கிடைத்த விடை, கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் ஆயுதசாலையில் செய்யப்பட்டது. காலிபரை யாரும் கூட்டவில்லை. அதே .303 குண்டின் முனையில் உலோக உறையை நீக்கி ஈயத்தை வெளியே தெரியவிட்டார்கள். உடலில் பட்டதும் அது விரிந்தது. விளைவு எவ்வளவு கொடூரமாக இருந்தது என்றால், 1899இல் ஹேக் மாநாடு போரில் விரியும் குண்டுகளைத் தடை செய்யும் பிரகடனத்தை நிறைவேற்றியது. அந்தத் தடை குறுக்களவைக் கணக்கில் எடுக்கவே இல்லை. குண்டு எப்படிச் செய்யப்பட்டது என்பதைத்தான் பார்த்தது. காலிபர் பக்தர்கள் இன்றைக்கும் எட்டாத இடத்துக்கு 1899இலேயே வந்துசேர்ந்திருக்கிறார்கள்.

வியட்நாமில் பணிபுரிந்த அமெரிக்க ராணுவ அறுவை மருத்துவர் மார்ட்டின் ஃபேக்லர், 1980களில் ஜெலட்டின் கட்டிகளில் சுட்டுச் சுட்டு இதையே உறுதிப்படுத்தினார். ஜூல் கணக்கை மட்டும் வைத்துக் காயத்தைக் கணிக்க முடியாது. குண்டு உள்ளே போனதும் புரள்கிறதா, உடைகிறதா, விரிகிறதா, எவ்வளவு ஆழம் போகிறது, எந்த உறுப்பைத் தொடுகிறது என்பதே தீர்மானிக்கிறது. ஒரே 5.56 தோட்டா இருபது அங்குலக் குழலில் இருந்து வரும்போது ஒரு மாதிரியும், பத்து அங்குலக் குழலில் இருந்து வரும்போது வேறு மாதிரியும் நடந்துகொள்கிறது. வேகம் குறைவதுதான் காரணம். காலிபர் அப்படியே இருக்க, விளைவு மாறிவிடுகிறது.

4. பழுதுக்கும் காலிபருக்கும் ஏன் முடிச்சுப் போடுகிறீர்கள்?

“கார்கிலில் இன்சாஸ் கைவிட்டது” என்பார்கள். 1999இல் அங்கிருந்து வந்த புகார்கள் என்ன? குளிரில் மேகசின் விரிசல் விட்டது, துப்பாக்கி அடைத்துக்கொண்டது. பிளாஸ்டிக்கின் தரம், உற்பத்தியின் நேர்த்தி, பராமரிப்பு ஆகியவற்றின் மீதான புகார்கள் அவை. அதே பிளாஸ்டிக்கில் 7.62 தோட்டாவை நிரப்பியிருந்தால் குளிர் மேகசினை விட்டுவைத்திருக்குமா?

வியட்நாமில் எம்16 பட்ட அவமானமும் இதே வகை. 1960களின் நடுவில் சிப்பாய்கள் அடைத்துக்கொண்ட துப்பாக்கிகளோடு இறந்து கிடந்தார்கள். 1967இல் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று விசாரித்தது. சோதனைக் காலத்தில் பயன்படுத்திய வெடிமருந்தைப் பிறகு மாற்றியிருந்தார்கள். தோட்டா அமரும் அறைக்குக் குரோமியப் பூச்சு இல்லை. துடைத்துச் சுத்தம் செய்யும் கருவிகள்கூடப் பலருக்குக் கொடுக்கப்படவில்லை. குறைகள் களையப்பட்டன. அதே காலிபரில் அதே குடும்பத்துத் துப்பாக்கி அதன்பின் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அமெரிக்கப் படைகளின் கையில் இருந்தது. ஏகே மண்ணிலும் சேற்றிலும் சுடுகிறது என்றால், அதன் பாகங்களுக்கு இடையே விட்டிருக்கும் தாராளமான இடைவெளிக்கும் சரிவான தோட்டாக் கூட்டுக்கும் அந்தப் பெருமை சேரட்டும். 5.45 மி.மீ. சுடும் ஏகே-74 ரைஃபிளும் அதே சேற்றில்தான் சுடுகிறது.

5. “அமெரிக்க ராணுவமே பெரிதாக்கிவிட்டதே?”

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இது. 2022 ஏப்ரலில் சிக் சாவர் நிறுவனத்தின் 6.8×51 ரைஃபிள் தேர்வானது உண்மை. ஆப்கானிஸ்தானில் மலை முகட்டுக்கு முகடு சுட்டுக்கொண்டபோது, குட்டைக் குழல் வைத்த 5.56 திணறியதும் உண்மை. நான் இரண்டையும் மறுக்கவில்லை. இதில் இருந்து நீங்கள் எடுக்கும் முடிவைத்தான் மறுக்கிறேன்.

ராணுவம் தேர்ந்தெடுத்தது ஒரு குறிப்பிட்ட சிக்கலுக்கான விடை: எதிரி அணியும் புதுவகைக் கவசமும் நீண்ட தொலைவும். அதற்கு அது கொடுத்த விலையையும் பாருங்கள். முப்பது தோட்டா மேகசின் இருபதாகச் சுருங்கியது. ஒரு சிப்பாய் வழக்கமாகச் சுமந்த 210 தோட்டாக்கள் 140 ஆகின. துப்பாக்கியின் எடை கூடியது. இந்த விலை சரிதானா என்று அங்கேயே இன்னும் சண்டை ஓயவில்லை. 2009இல் அமெரிக்க ராணுவ மேஜர் தாமஸ் எர்ஹார்ட் ஆப்கான் அனுபவத்தை ஆராய்ந்து எழுதியபோது, தோட்டாவைக் குறைசொன்ன கையோடு பயிற்சியையும் குறைசொன்னார்: 300 மீட்டருக்கு மேல் சுடவே நம் சிப்பாய்களுக்குச் சொல்லித்தரவில்லை என்றார். முதல் பாதியை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள், இரண்டாம் பாதி யாருக்கும் நினைவில் இல்லை.

டல்லாஸ் புறநகரில் வீடு வாங்கியிருப்பவரின் பக்கத்து வீட்டுக்காரர் பீங்கான் கவசம் அணிந்து 600 மீட்டர் தள்ளி மலைமுகட்டில் நிற்கிறாரா? இல்லையென்றால் ராணுவத்தின் விடை அவருடைய கேள்விக்குப் பொருந்தாது.

6. தோளைக் கேட்டீர்களா?

செமி-ஆட்டோமேட்டிக் ரைஃபிளின் ஒரே சிறப்பு, போல்ட்டைக் கையால் இழுக்காமலே அடுத்த தோட்டா வந்து அமர்வது. முதல் குண்டு தவறினால் இரண்டாவதைக் கண் எடுக்காமல் சுடலாம். துப்பாக்கி தோளை உதைத்து, குழல் மேலே எகிறி, குறி கண்ணை விட்டுப் போய்விட்டால் அந்தச் சிறப்பு அதோடு போயிற்று. ஒரே எடையுள்ள இரண்டு ரைஃபிள்களில், .308 தோட்டாவின் (7.62×51இன் பொதுமக்கள் வடிவம்) உதை .223 தோட்டாவின் உதையைவிட மூன்று நான்கு மடங்கு. இந்த உதையைத் தாங்கிப் பழகியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் “பெரியதாக வாங்கு” என்ற யோசனை முதல் துப்பாக்கி வாங்குபவருக்குத்தான் சொல்லப்படுகிறது.

துப்பாக்கிப் பயிற்சியாளர்கள் ஒரு சோதனை வைப்பார்கள். மேகசினை அவர்களே நிரப்புவார்கள். நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே வெடிக்காத போலித் தோட்டாக்கள் சிலவற்றைக் கலந்துவிடுவார்கள். சுடுபவருக்கு எது எங்கே என்று தெரியாது. மூன்றாவதோ நான்காவதோ விசையை இழுக்கும்போது சத்தம் வராது. ஆனால் குழலின் முனை வெடுக்கென்று கீழே குனியும், கண் இறுக மூடும், தோள் முன்னால் தள்ளும். உதை வருவதற்கு முன்பே உடல் உதைக்குப் பயந்து எதிர்வினை காட்டுகிறது. குண்டு குறியின் கீழே போவது இதனால்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, இவர்தான் அடுத்த வாரம் கடைக்குப் போய் “இந்தக் காலிபர் சரியில்லை, இன்னும் பெருசா காட்டுங்க” என்பார்.

விலையும் இதே பக்கம்தான் சாய்கிறது. .308 தோட்டா .223 தோட்டாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. எடையும் இரண்டு மடங்கு, 12 கிராமுக்கு 24 கிராம். ஒரே பணத்துக்குப் பாதிப் பயிற்சி. பயிற்சி இல்லாதவர் கையில் இருக்கும் 3,400 ஜூலும் சுவரில்தான் போய்ப் படும். பெரிய தோட்டா தரும் தெம்பு பொய்யானது என்பது இதனால்தான். பழகிச் சம்பாதிக்கவேண்டிய கைத்திறனைக் கடையில் காசு கொடுத்து வாங்கிவிடலாம் என்று அது நம்ப வைக்கிறது.

7. வேட்டைக்காரர் சொல்வது பாதிச் சரி

மானும் எல்க்கும் சுடுபவருக்குக் கனமான குண்டு தேவைதான். அடிபட்ட விலங்கு காட்டுக்குள் ஓடி மணிக்கணக்கில் துடித்துச் சாவதைப் பொறுப்புள்ள எந்த வேட்டைக்காரரும் விரும்பமாட்டார். வர்ஜீனியா மாநிலம் மானுக்கு .23க்குக் குறைந்த குண்டு கூடாது என்கிறது. அந்த விதியில் நியாயம் இருக்கிறது.

ஆனால் கொலராடோவின் விதியை முழுவதுமாகப் படியுங்கள். குறுக்களவு .24க்குக் குறையக்கூடாது. அதோடு விட்டார்களா? குண்டு விரியும் வகையாக இருக்க வேண்டும். மானுக்கு 70 கிரெயின், எல்க்குக்கு 85 கிரெயின் எடையாவது வேண்டும். 100 கஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றலாவது மிஞ்ச வேண்டும். செமி-ஆட்டோமேட்டிக் என்றால் மேகசினிலும் அறையிலுமாக ஆறு தோட்டாக்களுக்கு மேல் கூடாது. காலிபர் என்பது நான்கைந்து நிபந்தனைகளில் ஒன்று, அவ்வளவே.

வேட்டைக்காரர்கள் கையில் இன்று அதிகம் புழங்கும் 6.5 கிரீட்மோர் தோட்டாவைப் பாருங்கள். 2007இல் வந்தது. குண்டு .308ஐவிட மெலிசு, ஆனால் நீளம். காற்றைக் கிழித்துக்கொண்டு போவதால் தொலைவில் வேகத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது, காற்றில் குறைவாக விலகுகிறது, தோளையும் குறைவாக உதைக்கிறது. பெரிய குண்டுதான் சிறந்தது என்றால், வேட்டைக்காரர்களே ஏன் மெலிந்த குண்டுக்கு மாறுகிறார்கள்?

8. “சட்டமே பெரியதைத்தானே தடுக்கிறது?”

இந்தியாவில் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். .303 தடைசெய்யப்பட்ட காலிபர், அதனால் அது அதிபயங்கரம் என்று. 2016 ஆயுத விதிகள் .303, 7.62 ரைஃபிள்களைத் தடைப் பட்டியலில் வைத்திருக்கும் காரணம், அவை படைகளின் சேவைத் தோட்டாவைச் சுடக்கூடியவை என்பது. திருடிய அரசாங்கத் தோட்டா தனியார் துப்பாக்கியில் நுழையக்கூடாது என்பதே கவலை. அதனால்தான் .303ஐவிட ஆற்றல் மிகுந்த .30-06 ரைஃபிளை, போல்ட் இழுத்துச் சுடும் வகையில், உரிய லைசென்ஸ் இருந்தால் இந்தியக் குடிமகன் வைத்துக்கொள்ளலாம். செமி-ஆட்டோமேட்டிக் ரைஃபிளோ தடைப் பட்டியலில்தான் இருக்கிறது. இந்தத் தடையில் நம் சட்டம் குண்டின் பருமனை வைத்து ஆபத்தை அளக்கவில்லை.

9. வீட்டைக் காக்கவா?

பெரிய தோட்டா வாதம் முழுசாகக் கவிழும் இடம் வீடு. அமெரிக்க வீடுகளின் உட்சுவர் மரச்சட்டத்தின் இருபுறமும் அறைந்த அரை அங்குல ஜிப்சம் பலகை. எந்த ரைஃபிள் குண்டும் அப்படிப்பட்ட சுவர்களை வரிசையாகத் துளைத்துக்கொண்டு போகும். அதிலும் கனமான, உடையாத குண்டு இன்னும் அதிக தூரம் போகும். சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பது உங்கள் பிள்ளை. மூடிய அறைக்குள் காதுக்கவசம் இல்லாமல் ஒருமுறை சுட்டாலே செவித்திறன் நிரந்தரமாகக் கெட வாய்ப்புண்டு. 140 டெசிபலே அபாய எல்லை, ரைஃபிள் அதைத் தாண்டித்தான் வெடிக்கிறது.

கடைக்காரர் சொல்லாத கணக்கு ஒன்றும் இருக்கிறது. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். பாதிக்கும் மேல். அவர்களை அழித்தது முகமூடிக் கொள்ளையன் இல்லை. ஒரு கெட்ட இரவில் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தது. அந்த இரவில் 5.56ஆ 7.62ஆ என்பது எந்த வித்தியாசத்தையும் உண்டாக்காது. பூட்டு உண்டாக்கும். தோட்டாவைத் தனியே, துப்பாக்கியைத் தனியே பூட்டி, சாவியைப் பிள்ளைகளுக்கும் மனம் சோர்ந்திருப்பவருக்கும் எட்டாமல் வைப்பது உண்டாக்கும். காலிபருக்காக மூன்று மாதம் ஆராய்கிறவர்கள் இரும்புப் பெட்டிக்காக மூன்று நிமிடம்கூட ஒதுக்குவதில்லை.

ஆகவே கேள்விகளின் வரிசையைத் திருத்திக்கொள்ளுங்கள். முதலில், சட்டப்படி நான் வாங்கலாமா? எச்1பி விசாவில் இருப்பவருக்கு, வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, அமெரிக்க மத்திய சட்டம் துப்பாக்கியைத் தடுக்கிறது. வாங்கும்போது நிரப்பும் 4473 படிவத்தில் பொய் சொன்னால் அதுவே குற்றம். இரண்டாவது, வீட்டில் எங்கே, எதில் பூட்டுவேன், சாவி யாரிடம்? மூன்றாவது, என்ன வேலைக்கு: குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்கா, எந்த விலங்கின் வேட்டைக்கா? நான்காவது, மாதம் தவறாமல் பயிற்சிக்குப் போக நேரமும் பணமும் இருக்கிறதா? ஐந்தாவது, அந்தப் பயிற்சிக்கு எந்தத் தோட்டா கட்டுப்படியாகும், எந்த உதையை என் தோள் தாங்கும்? இவற்றுக்கு விடை சொல்லி முடித்தால் காலிபர் தானாக வந்து நிற்கும். பெரும்பாலும் அது நண்பர் சொன்னதைவிடச் சிறியதாகத்தான் இருக்கும்.

முதல் நான்கு கேள்விகளில் ஒன்றுக்காவது உங்களிடம் நேர்மையான விடை இல்லை என்றால், எந்தக் காலிபரிலும் ரைஃபிள் வாங்காதீர்கள்.